பிராணவாயு யாருடைய பிராணனுக்கு? - குடலில் குடியிருப்போர் குறித்துச் சில குறிப்புகள்

பிராணவாயு என்கிற சொல்லை முதலில் கவனிக்க வேண்டும். ஆக்ஸிஜனுக்கு நம் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் வைத்த பெயர் அது. பின்னால் தனித்தமிழ்க்காரர்கள் வந்து 'உயிர்வளி' என்றார்கள். வடமொழி போய்த் தமிழ் வந்ததே ஒழிய, உள்ளே இருந்த பிராணன் அப்படியே உயிராக உட்கார்ந்துகொண்டது. ஐரோப்பியர்கள் வைத்த பெயரில் இந்த வம்பு இல்லை. லவாய்சியர் 'ஆக்ஸிஜன்' என்றபோது அமிலத்தைப் பிறப்பிப்பது என்றுதான் பொருள் கொண்டார். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் அதைப் புளிப்புப்பொருள் என்றே சொல்கிறார்கள். (எல்லா அமிலத்துக்கும் ஆக்ஸிஜன்தான் காரணம் என்ற அவருடைய கணிப்பு பிற்பாடு தப்பாகிப்போனது வேறு விஷயம்.) நாம்தான் ஒரு வாயுவுக்குள் உயிரையே அடைத்துப் பெயரிட்டோம். மூச்சு நின்னா போச்சு என்பது நமக்கு ஒரு தத்துவம் மாதிரி ஆகிவிட்டது.

இந்தப் பெயரைப் பொய்யாக்குகிற உயிர்கள் எங்கோ கடலடியில் இல்லை. இந்த வரியை வாசிக்கிறவரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பான்மை, காற்றில்லாமல் வாழ்பவை. பிராணவாயு பட்டால் பல செத்துப்போகும். இவற்றில் ஒரு முக்கியமான கூட்டத்துக்கு பாக்டிராய்டிஸ் என்று பெயர். பெருங்குடலின் காற்றில்லா உயிரிகளில் ஏறத்தாழக் கால்வாசி இவை என்று சொல்வது வழக்கம், ஆளுக்கு ஆள் இது மாறும் என்றாலும். ஒரு கிராம் மலத்தில் எல்லா வகையும் சேர்த்து சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். உடல், அதிகாரம், தூய்மை, மற்றமை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த உடலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருதடவையாவது எட்டிப் பார்க்க வேண்டாமா?

காற்றில்லாமல் உயிர் இருக்க முடியும் என்பதை முதலில் கண்டவர் பாஸ்டர், 1861இல். வெண்ணெய் ஊசிப்போகும்போது உண்டாகும் அமிலத்தைத் தயாரிக்கிற நுண்ணுயிரை அவர் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டாக வைத்துப் பார்த்தார். சொட்டின் ஓரத்தில், அதாவது காற்று படுகிற இடத்தில், அவை அசைவற்றுக் கிடந்தன. நடுவில் இருந்தவை துள்ளிக்கொண்டிருந்தன. நியாயமாக அது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த ஒரு சொட்டில் விளிம்பும் மையமும் இடம் மாறிக் கிடந்தன. பிறகு அவர் இரண்டு சொற்களை உண்டாக்கினார்: காற்றில் வாழ்வது, காற்றில்லாமல் வாழ்வது. இரண்டாவது சொல் எதிர்மறையால் ஆனது என்பதைக் கவனியுங்கள். இருப்பதைக் கொண்டு அல்ல, இல்லாததைக் கொண்டு ஒரு கூட்டத்துக்குப் பெயர். இப்படிப் பெயர் வாங்கியவர்களைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வரலாற்று வரிசையில் பார்த்தால் முதலில் இருந்தவை இவைதாம். பூமியில் உயிர் தோன்றிய பின் வெகுகாலத்துக்குக் காற்றில் பிராணவாயு கிடையாது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒளிச்சேர்க்கை செய்யும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் கழிவாக வெளியேற்றிய வாயு காற்றில் தங்கத் தொடங்கியது. அன்றைக்கு இருந்த உயிர்களுக்கு அது நஞ்சு. தாங்க முடிந்தவை தாங்கின, சில அதையே பயன்படுத்தக் கற்றன, நாமெல்லாம் அந்தப் பின்னவர்களின் வம்சம். மற்றவை சேற்றுக்குள்ளும் ஆழத்துக்குள்ளும் ஒதுங்கின. விலங்குகளின் குடல் உண்டானபோது அங்கேயும் குடியேறின. ஒருவனுடைய கழிவு இன்னொருவனுடைய பிராணன் என்பது இங்கே உருவகம் இல்லை, வேதியியல்.

இனி இவை நம் அறிவுக்குள் எப்படி வந்தன என்கிற கதை. குடல் பாக்டீரியா என்றதும் எல்லோர் வாயிலும் வருகிற பெயர் ஈ.கோலை. தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885இல் அதை விவரித்தார். அது காற்றிலும் வளரும், காற்றில்லாமலும் வளரும், ஆய்வுக்கூடத் தட்டில் ஒரே இரவில் செழித்துவிடும். ஆகவே குடல் என்றால் ஈ.கோலை என்று ஆகிவிட்டது. ஆனால் பெரியவர்களின் குடலில் காற்றில்லா உயிரிகளோடு ஒப்பிட்டால் அது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. மலத்தை எடுத்துத் தட்டில் தடவும் நேரத்துக்குள், காற்றுப் பட்டு, பெரும்பான்மை செத்துப்போனது. செத்தவர்களை எண்ண அந்த முறையில் வழியில்லை. எது நம் கருவிக்குப் பிடிபடுகிறதோ அதுவே உண்மையாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1898இல் பாரிசில் வேயோன், சூபேர் என்ற இருவர், குடல்வால் அழற்சி நோயாளிகளின் சீழிலிருந்து காற்றில்லா உயிரி ஒன்றைப் பிரித்தார்கள். 'உடையக்கூடியது' என்ற பொருளில் ஃபிராஜிலிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆக, இந்தக் கூட்டம் முதன்முதலில் பதிவானது குடியிருப்பவராக அல்ல, குற்றவாளியாக. வீட்டில் சாதாரணமாக இருந்த காலத்தில் யாரும் அதைத் தேடிப் போகவில்லை. வயிறு சீழ் பிடித்தபோதுதான் பேர் ஊர் கேட்டார்கள்.

பாக்டிராய்டிஸ் என்ற பேரினப் பெயர் வந்த வழியில் நம் பக்கத்து மண்ணுக்கு ஒரு தொடர்பு உண்டு. அந்தப் பெயரை வைத்தவர்கள் கஸ்தெல்லானி, சால்மர்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள். இருவரும் கொழும்பில் வேலை பார்த்தவர்கள். இத்தாலியரான அல்டோ கஸ்தெல்லானி 1903இலிருந்து 1915 வரை அங்கே அரசாங்கப் பாக்டீரியாவியல் நிலையத்தின் பொறுப்பில் இருந்தார். ஆல்பர்ட் சால்மர்ஸ் இலங்கை மருத்துவக் கல்லூரியில் பதிவாளர். வெப்பமண்டல மருத்துவம் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய தலையணைத் தடிமன் கையேடு முதலில் 1910இல் வந்தது. 1919இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இந்தப் பெயர் இருக்கிறது. வெப்பமண்டல மருத்துவம் என்ற துறையே, காலனிகளில் வெள்ளைக்காரர் சாகாமல் இருக்கவும் அங்கே உழைக்கிறவர்கள் உழைக்கிற நிலையில் இருக்கவும் உண்டானது. அந்தப் புத்தகத்தின் வரிசைப்படுத்தலில், உலகத்து மனிதர் எல்லோர் குடலிலும் இருக்கிற ஓர் உயிருக்குப் பெயர் கிடைத்தது. கஸ்தெல்லானி பிற்பாடு முசோலினியின் ஆளானார். 1935-36இல் எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்தபோது படையின் மருத்துவ ஏற்பாடுகளுக்குத் தலைமை வகித்தார். அதற்காகப் பட்டமும் கிடைத்தது. இதனால் பாக்டீரியா பாசிஸ்டு ஆகிவிடாதுதான். ஆனால் பெயர்ப் பட்டியல்கள் ஒன்றும் அப்பாவித்தனமாகப் பிறப்பதில்லை என்று சொல்லி வைக்கலாம்.

காற்றுப் படாமல் வளர்க்கிற முறையை ஒழுங்காக உருவாக்கியது மனிதக் குடலுக்காக அல்ல, மாட்டுக்காக. மாட்டின் முதல் இரைப்பையில் வைக்கோல் எப்படிச் செரிக்கிறது என்று பார்க்க அமெரிக்காவில் ராபர்ட் ஹங்கேட் 1940களில் ஒரு வழி கண்டுபிடித்தார். காற்றை விரட்டிய குழாய்க்குள் ஊட்டக்கூழை உருட்டி, உட்சுவரில் ஏடாகப் படிய வைத்து, அதில் இவற்றை வளர்த்தார். அந்த முறையை எடுத்துக்கொண்டு 1960, 70களில் வர்ஜீனியாவில் மூர், ஹோல்ட்மன் போன்றவர்கள் மனித மலத்தைப் பொறுமையாக எண்ணத் தொடங்கிய பிறகே, குடலில் யார் பெரும்பான்மை என்பது தெரிய வந்தது. இப்போது வளர்க்கவே வேண்டாம், மரபணுவை நேரடியாக வாசித்துவிடலாம் என்றாகிவிட்டது. அந்த வாசிப்பு வந்ததும் பழைய பெயர்களும் கலைகின்றன. பாக்டிராய்டிஸாக இருந்த சில இனங்களைச் சமீபத்தில் ஃபோசிகோலா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சரி, உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்கின்றன? சாப்பிடுகின்றன. நாம் தின்பதில் நம்மால் செரிக்க முடியாதது நிறைய. கீரைத்தண்டு, பருப்புத்தோல், கேழ்வரகின் உமி, வாழைப்பூ நார் என்று சிக்கலான மாவுப்பொருள்கள். இவற்றை வெட்டுவதற்கு மனித மரபணுக்களில் இருக்கிற நொதிகள் இருபதுக்குள்தான். தீட்டாஅயோட்டாமைக்ரான் என்ற பாக்டிராய்டிஸ் இனம் ஒன்று இருக்கிறது. (எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் நமக்கு மூச்சு முட்டும். கிரேக்க எழுத்துகள் மூன்றைக் கோத்து 1912இல் ஒருவர் வைத்த பெயர்.) அதன் மரபணுத் தொகுதி 2003இல் முழுதாக வாசிக்கப்பட்டபோது, இத்தகைய நொதிகளுக்கான மரபணுக்கள் இருநூறுக்கு மேல் இருந்தன. இலினாயில் அபிகெய்ல் சாலியர்ஸ் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, இது எப்படித் தின்கிறது என்பதை முன்னமே விளக்கியிருந்தது. பாக்டீரியா தன் மேல்தோலில் உள்ள புரதங்களால் மாவுச்சரத்தைப் பிடித்து இழுத்து, துண்டாக்கி, உள்ளே கொண்டுபோய் மீதியை வெட்டுகிறது. வெளியில் வைத்தே எல்லாவற்றையும் வெட்டினால் பக்கத்தில் இருப்பவன் அள்ளிக்கொண்டு போவான் அல்லவா. இருந்தாலும் கொஞ்சம் சிந்தத்தான் செய்கிறது, அந்தச் சிந்தலில் வேறு இனங்கள் பிழைக்கின்றன.

தின்றதற்குப் பிறகு இவை வெளியே விடுகிற கழிவு சிறு கொழுப்பமிலங்கள்: அசிட்டேட், புரோப்பியோனேட் போன்றவை. வேறு காற்றில்லா உயிரிகள் பியூட்டிரேட் தயாரிக்கின்றன. இந்தக் கழிவு நமக்கு உணவு. நம் அன்றாட ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இதிலிருந்து வருகிறது என்று மதிப்பிடுகிறார்கள். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே பியூட்டிரேட்தான். இங்கே ஒரு சுவாரசியமான சங்கதி உண்டு. அந்தச் செல்கள் பியூட்டிரேட்டை எரிப்பதற்கு ரத்தத்தில் வரும் பிராணவாயுவை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. அதனால்தான் குடலுக்குள் அது கசிவதில்லை. அதாவது காற்றில்லாத அந்த இடம் சும்மா இயற்கையாக அமைந்த பொந்து அல்ல. உள்ளே இருப்பவர்களும் சுவரும் சேர்ந்து, ஒவ்வொரு நிமிடமும் உண்டாக்கிக்கொண்டிருக்கிற இடம். வலுவான ஆன்டிபயாட்டிக் கொடுத்து அமிலம் தயாரிப்பவர்களைக் கொன்றால் சுவர் வேறு எரிபொருளுக்கு மாறுகிறது, பிராணவாயு உள்ளே கசிகிறது, காற்றை விரும்புகிற ஈ.கோலை, சால்மோனெல்லா வகையறாக்கள் பெருகுகின்றன. எலிகளில் இதைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள்.

நார் வராத காலங்களில் இவை பட்டினி கிடந்து சாவதில்லை. குடல் சுவரின் மேல் படர்ந்திருக்கிற சளிப்படலத்தை, அதிலும் சர்க்கரைச் சரங்கள் இருப்பதால், தின்னத் தொடங்குகின்றன. தோழமையாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் சோறு போடாவிட்டால் வீட்டுச் சுவரைச் சுரண்டுவார்கள். இந்த இடத்தில் ஒரு கலைச்சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்படி உடன் வாழும் உயிர்களுக்கு ஐரோப்பிய அறிவியல் வைத்த பெயரின் வேர், லத்தீனில் ஒரே மேசையில் உண்பவர் என்பது. 1870களில் வான் பெனடன் என்ற பெல்ஜிய விலங்கியலாளர் பரப்பிய சொல். தமிழில் ஒட்டுண்ணி என்ற சொல் நன்றாகப் புழங்குகிறது. உடனுண்ணி என்று பள்ளிப் பாடத்தில் போட்டால் மட்டும் நாக்கில் நிற்பதில்லை. ஒருவனை ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவது நமக்குப் பழகிய காட்சி. ஒரே பந்தியில் உட்காருவதற்கு இங்கே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. சேரன்மாதேவி குருகுலத்தில் 1924-25இல் குழந்தைகளுக்குக்கூட அது வாய்க்கவில்லை.

பந்தியில் என்ன பரிமாறப்படுகிறதோ அதற்கேற்ப உள்ளே இருப்பவர்களும் மாறுவார்கள். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வை நான் யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். கடற்பாசியைத் தின்கிற ஒரு கடல் பாக்டீரியாவிடம் மட்டும் இருந்த நொதி மரபணு, ஜப்பானியரின் குடலில் உள்ள பாக்டிராய்டிஸ் இனம் ஒன்றிடம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களிடம் அது இல்லை. நோரி என்ற பாசியை ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். பாசியோடு வந்த கடல் பாக்டீரியா எப்போதோ குடலைக் கடந்து போகும்போது தன் மரபணுவைக் குடலில் இருந்ததிடம் கைமாற்றிவிட்டுப் போயிருக்கிறது. ஒரு சமூகத்தின் சமையல், பாக்டீரியாவின் மரபணுவில் எழுதப்பட்டுக் கிடக்கிறது.

இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குடல் பற்றிய பேச்சு பரவியபோது நம் கோட்பாட்டு நண்பர்களுக்கு ஏகக் கொண்டாட்டம். 'உன் உடலில் பத்துக்கு ஒன்பது செல் நீ இல்லை, தன்னிலை என்பது ஒரு கூட்டம்' என்று மேடையில் பேசினோம், நானும் பேசியிருக்கிறேன். அந்தப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கு 1970களில் யாரோ உத்தேசமாகப் போட்டது, எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டே வந்தது. 2016இல் இஸ்ரேலில் ரோன் மிலோவும் அவருடைய சகாக்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி, மனிதச் செல் சுமார் 30 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சமம். மொத்த எடை 200 கிராம். இரண்டு கிலோ என்று எழுதிய கட்டுரைகள் இன்னும் உலவுகின்றன. நமக்குப் பிடித்த முடிவைச் சொல்கிற எண்ணை நாம் சோதிப்பதில்லை என்பது அறிவியல்காரர்களுக்கு மட்டும் பொருந்துகிற குற்றச்சாட்டு அல்ல.

இதைவிட மோசமான ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. பாக்டிராய்டிஸின் நெருங்கிய உறவு பிரிவோடெல்லா. தானியமும் நாரும் அதிகம் உண்ணும் மக்களிடம் பிரிவோடெல்லா மேலோங்கும், கொழுப்பும் இறைச்சியும் அதிகம் உண்ணும் மேற்கத்திய நகரத்தாரிடம் பாக்டிராய்டிஸ் மேலோங்கும் என்பது பல ஆய்வுகளில் தென்படும் போக்கு. 2010இல் புர்கினா பாசோ கிராமக் குழந்தைகளையும் பிளாரன்ஸ் நகரக் குழந்தைகளையும் ஒப்பிட்டபோது இப்படித்தான் இருந்தது. 2018இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குக் குடிபெயர்ந்த மோங், கரேன் மக்களைப் பார்த்தபோது, அங்கே போய் வருடங்கள் கூடக் கூடப் பிரிவோடெல்லா விலகிப் பாக்டிராய்டிஸ் வந்து அமர்ந்திருந்தது. நம் நாட்டில் 2019இல் வந்த ஆய்வு போபால் பகுதியையும் கேரளத்தையும் ஒப்பிட்டு, சைவ உணவு மிகுந்த முன்னதில் பிரிவோடெல்லா ஆதிக்கம் என்றது. இதைக் கேட்ட மாத்திரத்தில் சிலருக்கு வாய் ஊறும். சைவப் பாக்டீரியா, அசைவப் பாக்டீரியா, சாத்வீகக் குடல், தாமசக் குடல் என்று புறப்பட்டுவிடுவார்கள். ஆனால் அதே பிரிவோடெல்லாவின் ஓர் இனம், புதிதாக முடக்குவாதம் கண்டவர்களிடம் கூடுதலாக இருந்தது என்று 2013இல் நியூயார்க்கில் கண்டிருக்கிறார்கள். காரணமா, விளைவா என்பது தீரவில்லை. புர்கினா பாசோ குழந்தை தின்கிற தினைக் கஞ்சிக்கும் இங்கே கறியைத் தள்ளிவைக்கிற ஆசாரத்துக்கும் என்ன சம்பந்தம்? நார் என்பது வர்ணம் அல்ல. கம்பும் கேழ்வரகும் தின்றவர்கள் கருவாட்டையும் சேர்த்துத்தான் தின்றார்கள்.

நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற இருமை எதிர்வையே ஃபிராஜிலிஸ் கேலி செய்கிறது. குடலில் அது மிகச் சிறுபான்மை, நூற்றில் ஒன்றுகூட இருக்காது. ஆனால் குடல் கிழிந்து வயிற்றறைக்குள் சீழ் பிடிக்கும்போது அதிகம் அகப்படுகிற காற்றில்லா உயிரி அதுதான். அதன் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருள் வயிற்றறைக்குள் போனால் சீழ்க்கட்டியை உண்டாக்குகிறது. அதே பொருள், எலியின் குடலுக்குள் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் செல்களைப் பக்குவப்படுத்தி அழற்சியை அடக்குகிறது என்று 2005இலும் அதற்குப் பிறகும் காஸ்பர், மஸ்மானியன் ஆகியோர் காட்டினார்கள். ஒரே பொருள், இடம்தான் வேறு. இன்னொரு பக்கம், நஞ்சு சுரக்கிற ஃபிராஜிலிஸ் ரகம் ஒன்றுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் உறவு இருப்பதாக ஆய்வுகள் நடக்கின்றன. இன்னொன்று: முழுக்கக் காற்றை வெறுப்பது என்ற அதன் அடையாளமும் கறாரானது இல்லை. மிக மிக நுண்ணிய அளவில் பிராணவாயு இருந்தால் அதை அது பயன்படுத்திக்கொள்கிறது என்று 2004இல் கண்டார்கள். காற்றில்லா உயிரி என்ற எதிர்மறைப் பெயர் இப்படி உள்ளிருந்தே உடைகிறது. கட்டுடைப்புக்கு நாம் ஒன்றும் சிரமப்பட வேண்டியதில்லை, அதுவே செய்துகொள்ளும்.

இவை நமக்கு எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் தாயிடமிருந்து. அதுவும் தாயின் குடலிலிருந்து, பச்சையாகச் சொன்னால் பிரசவத்தின்போது படுகிற மலத்திலிருந்து. 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ அறுநூறு குழந்தைகளைப் பார்த்த ஆய்வில், வயிற்றை அறுத்துப் பிறந்த குழந்தைகளிடம் பாக்டிராய்டிஸ் இல்லை, அல்லது மிகக் குறைவு. அந்த இடத்தில் மருத்துவமனைகளில் திரிகிற கிருமிகள் குடியேறியிருந்தன. மாதங்கள் போகப் போக வித்தியாசம் குறைகிறது, பாக்டிராய்டிஸ் மட்டும் பின்தங்கியே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் அறுவை சிகிச்சை. அகில இந்திய அளவு 21.5. இதைச் சொன்னதும் 'அந்தக் காலத்துப் பொம்பளைங்க எட்டுப் பெத்தாங்க' என்று கிளம்புகிறவர்கள், அதில் எத்தனை தாய்கள் செத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. தாயைக் காப்பாற்றுகிற கத்தி வேறு, மருத்துவமனையின் வசதிக்கும் வரும்படிக்கும் எடுக்கிற கத்தி வேறு. கேள்வியைப் பிரசவித்தவளிடம் கேட்பது அயோக்கியத்தனம்.

மாத்திரைக்கு வருவோம். 'அண்ணே, லூஸ் மோஷன்' என்று மருந்துக் கடையில் சொன்னால் சீட்டில்லாமல் கைக்கு வருகிற மாத்திரைகளில் ஒன்று மெட்ரோனிடசோல். வாயெல்லாம் இரும்பு நக்கின மாதிரி இருக்குமே, அதுதான். பெண்களுக்கு வரும் ஒருவகை ஒட்டுண்ணி நோய்க்காக வந்த மருந்து. 1962இல் அதை உட்கொண்ட ஒரு பெண், தன் ஈறு நோயும் சேர்ந்து குணமாகிவிட்டது என்று சொன்னார். ஷின் என்ற பல் மருத்துவர் அந்தப் பேச்சைத் தட்டிக்கழிக்காமல் காதில் வாங்கியதால், காற்றில்லா உயிரிகளை அது கொல்லும் என்பது தெரிந்தது. பிராணவாயு இல்லாத செல்லுக்குள் போனால்தான் அது நஞ்சாக மாறும். அதன் அழகும் ஆபத்தும் அதுதான். வயிற்றுக்குள் சீழ் பிடித்தவருக்கு அது உயிர் காக்கிற மருந்து. வைரஸால் வருகிற சாதாரண வயிற்றுப்போக்குக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும் என்கிற இடத்தில் அதை விழுங்குவது, திருடன் ஓடின பிறகு தெருவில் குடியிருப்பவர்களை அடிப்பது மாதிரி.

அடிபட்டவர்கள் சும்மா இருப்பதில்லை. டெட்ராசைக்ளின் மருந்தை எதிர்க்கிற ஒரு மரபணு, 1970க்கு முன் சேகரித்த பாக்டிராய்டிஸ் வகைகளில் சுமார் முப்பது சதவீதத்தில் இருந்தது, 1990களில் சேகரித்தவற்றில் எண்பதைத் தாண்டிவிட்டது. 2001இல் சாலியர்ஸின் குழு வெளியிட்ட கணக்கு இது. அந்த மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். தாவுவதைத் தூண்டுவதும் அதே டெட்ராசைக்ளின்தான், நூறு மடங்குக்கும் மேலாக. அடக்குமுறையே எதிர்ப்பைப் பரப்புகிறது என்று உடனே உருவகம் கட்டத் தோன்றும். கட்ட வேண்டாம். இந்த எதிர்ப்பால் சாகப்போவது மருந்துக் கம்பெனிகள் அல்ல, பெரியாஸ்பத்திரிப் பாயில் கிடப்பவர்கள்.

பழைய சோறு பற்றிக் கேட்பார்கள். நீராகாரத்தில் இருப்பவை வேறு கூட்டம், பெரும்பாலும் புளிக்கவைக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். பாக்டிராய்டிஸைக் குடித்து வளர்க்க முடியாது. ஆனால் ஆறின சோற்றில் மாவுப்பொருளின் ஒரு பகுதி இறுகிப்போய்ச் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அது அங்கே இருப்பவர்களுக்குத் தீனி. ஏழைகள் வேறு வழியில்லாமல் தின்றதை ஸ்டார் ஓட்டலில் மண்சட்டியில் வைத்து விற்கிறவர்களுக்கு இந்த விவரம் போதும்.

இனி மலம். குடல் பாக்டீரியா பற்றி எழுதுகிற யாரும் மலத்தைப் பற்றி எழுதாமல் தப்ப முடியாது. ஆன்டிபயாட்டிக்குகளால் குடலின் குடிகள் அழிந்த பிறகு, க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற இன்னொரு காற்றில்லா உயிரி புகுந்து, விடாத பேதியை உண்டாக்கும். ஆஸ்பத்திரிகளில் பலரைக் கொன்றிருக்கிறது. 1958இல் அமெரிக்காவின் டென்வரில் நான்கு நோயாளிகளுக்கு ஆரோக்கியமானவரின் மலக் கரைசலை எனிமாவாகக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அரைநூற்றாண்டுக் காலம் அருவருப்பு அந்தச் செய்தியை மூடி வைத்தது. 2013இல் நெதர்லாந்தில் முறையாகச் சோதித்தபோது, மலக் கரைசல் பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள். வீரியமான மருந்தால் குணமானவர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மேற்கொண்டு சோதிப்பது நியாயமல்ல என்று நிறுத்திவிட்டார்கள். 2022இலும் 2023இலும் அமெரிக்க அரசு இதற்கான தயாரிப்புகளை அங்கீகரித்துவிட்டது. மலம் மருந்துக் கம்பெனியின் சரக்காகிவிட்டது.

அங்கே அது குளிர்பெட்டியில் வைக்கிற சரக்கு. இங்கே அதை யார் தொடுகிறார்கள் என்பதை வைத்து யார் எந்தச் சாதி என்று சொல்லிவிடலாம். செப்டிக் டேங்க் என்பதும் ஒரு குடல்தான். 1881இல் பிரான்சில் மூரா என்பவர் உரிமம் பெற்றது, 1895இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் கேமரன் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். காற்றுப் புகாத தொட்டிக்குள் காற்றில்லா உயிரிகள் மலத்தைச் செரிக்கின்றன, வாயுக்களை விடுகின்றன. அதில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. நம் குடலிலும் அது உண்டாகிறது. பாக்டிராய்டிஸ் சளிப்படலத்திலிருந்து கந்தகத்தைக் கழற்றிக் கொடுக்க, இன்னொரு கூட்டம் அதைச் சல்பைடாக்குகிறது. அளவு குறைவு, குடல் சுவரின் செல்கள் அதை உடனுக்குடன் முறித்துவிடும். தொட்டியில் முறிக்க யாரும் இல்லை. காற்றைவிடக் கனமான அந்த வாயு சகதிக்குள்ளும் அடியிலும் தேங்கும், கிளறினால் பொங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. 'இப்ப நாத்தம் இல்ல, இறங்கலாம்' என்று தோன்றுவது அந்த நேரத்தில்தான். எழுநூறு, ஆயிரம் பங்கு என்றால் ஓரிரு மூச்சில் ஆள் விழுவான். செல்லுக்குள் பிராணவாயுவைப் பயன்படுத்துகிற நொதியையே அது அடைத்துவிடும். சுற்றிலும் காற்று இருந்தாலும் உடம்பால் அதை எடுக்க முடியாது. தூக்கிவிட இறங்குகிற இரண்டாவது ஆளும் விழுவது இதனால்தான்.

மறுநாள் பேப்பரில் 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று வரும். அந்த வாக்கியத்தில் வாயு எழுவாயாக இருக்கிறது. இறக்கியவன் வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது, பாதாளச் சாக்கடையையும் தொட்டியையும் சேர்த்து 2013இல் மறுபடி வந்தது. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. 2013 சட்டத்தின் விதிகளில், தொழிலாளிக்குக் கொடுத்தாக வேண்டிய சாமான்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் வாயுக்களை அளக்கிற கருவியும் உண்டு. சட்டைப் பையில் மாட்டிக்கொள்கிற அளவில்கூட அது கிடைக்கிறது, ஹைட்ரஜன் சல்பைடு பத்துப் பங்கை எட்டினாலே கத்தத் தொடங்கும்.